போரில் சேதமான யாழ்ப்பாண வீட்டைத் திருத்திக் குடியேறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியவர்கள், 1995 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாணத்தையே விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தவர்கள், அதன்பின் வெளிநாடு போனவர்கள் என்று பலருடைய வளவுகள் இன்றும் ஆளில்லாமல் கிடக்கின்றன. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த காணிகள் 2009 க்குப் பிறகு கட்டம் கட்டமாகத்தான் விடுபட்டன. ஓடு போய், யன்னல் நிலை போய், சுவர் மட்டும் மிஞ்சியிருக்கும் வீட்டைத் திரும்பவும் வீடாக்க நினைப்பவர்கள் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

காணி விடுபட்டுவிட்டது என்றார்கள். உடனே போய்த் துப்புரவாக்கலாமா?

காணி விடுபடுவது வேறு, மிதிவெடி அகற்றி முடிந்து கையளிக்கப்படுவது வேறு. இரண்டாவது நடந்துவிட்டதா என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பக்கத்து வளவுக்காரர் "நாங்கள் எத்தனையோ வருஷம் நடந்து திரியிறம்" என்று சொல்வதை ஆதாரமாக எடுக்கக் கூடாது. அவர் நடப்பது ஒழுங்கையில். நீங்கள் வெட்டப்போவது வேலிக்கரையிலும் கிணற்றடியிலும்.

இங்கே அதிகம் எடுக்கப்பட்டவற்றில் ஒன்று பி4 என்ற பிளாஸ்ரிக் மிதிவெடி. உலோகம் மிகக் குறைவு என்பதால் கருவிக்கே எளிதில் அகப்படாது. இன்னொன்று புலிகள் மரப்பெட்டியில் செய்த ஜொனி வகை. பெட்டி உக்கிப் போயிருக்கும், மருந்து அப்படியே இருக்கும். உக்கியது செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பற்றைக்கு நெருப்பு வைத்துத் துப்புரவாக்குவதுதான் ஆட்கள் செய்யும் பெரிய பிழை. புல்லுக்குள் கிடக்கும் வெடிக்காத எறிகணைச் செல் வெடிக்க அந்தச் சூடு போதும். சிவப்புத் தடியோ மண்டையோட்டுப் பலகையோ கண்ணில் பட்டால் அதற்கு அப்பால் கால் வைக்காதீர்கள். உள்ளே போன பிறகு சந்தேகமான பொருளைக் கண்டால், வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள். தடம் தெரியாவிட்டால் அசையாமல் நின்று கூப்பிடுங்கள். பொருளைத் தொடாமல், தள்ளி நின்று ஒரு அடையாளம் வைத்து, பொலிஸுக்கு 119 இல் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரருக்கு எடுத்துக் கொடுப்பதால் இன்னும் விபத்து நடக்கிறது.

வளவுக்குள் பங்கர் ஒன்று இருக்கிறது. மூடிவிடலாமா?

மூடலாம், ஆனால் பார்த்த பிறகு. உள்ளே வெடிபொருள் விட்டுப் போயிருக்கலாம். மேலே போட்ட பனங்குற்றி உக்கியிருந்தால் ஆள் ஏற இடிந்து விழும். மேலே நின்று வெட்டாதீர்கள். சோதித்து முடிந்ததும் குற்றிகளை முழுமையாக எடுத்துவிட்டு, அரை அடிக்கு ஒருமுறை மண் போட்டு, நனைத்து, இடித்து நிரப்புங்கள். குற்றியை உள்ளே விட்டு மேலால் மண் தள்ளினால் நாலைந்து மாரியில் அந்த இடம் உள்வாங்கும். சுவருக்குப் பக்கத்துப் பங்கர் என்றால் அத்திவாரமே இறங்கும்.

வெட்டும்போது எலும்பு வந்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள். எடுத்துக் கழுவவோ இடம் மாற்றவோ வேண்டாம். பொலிஸுக்குச் சொல்லுங்கள், நீதவான் பார்க்க வேண்டும். காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் அறிவிக்கலாம். 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எலும்புகள் வெளிப்பட்டதும் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோதுதான்.

எந்த வேலையை முதலில் செய்வது?

வெடிபொருள் சோதனை, காணி உறுதிப் பத்திரமும் எல்லையும், கிணறு, கூரை, சுவர், மின்சாரம், பூச்சு. இந்த வரிசை மாறினால் காசு இரட்டிக்கும். பெரும்பாலானவர்கள் முதலில் கட்டுவது முன்மதில். ஊருக்குத் தெரிய ஒரு கேற்றும் போட்டுவிடுவார்கள். பிறகு மணல் லொறி உள்ளே வர வழியில்லை என்று அதே மதிலை உடைப்பார்கள். கூரை போடாமல் உள்சுவர் பூசுவதும் அப்படித்தான். ஒரு மாரி அதைக் கழற்றிவிடும்.

மாதக் கணக்கும் முக்கியம். இங்கே மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கும். ஆகவே தை பிறந்ததும் தொடங்கி, புரட்டாதிக்குள் கூரை மூட வேண்டும். சோளகக் காற்று பலமாக அடிக்கும் ஆனி, ஆடியில் ஓடு ஏற்றுவது வேலையாட்களுக்கும் ஆபத்து, ஓட்டுக்கும் நட்டம்.

உறுதி எரிந்துபோய்விட்டது. காணி போய்விட்டதா?

இல்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் இரட்டைப் பிரதி ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஒன்றுமே தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைப் பாருங்கள். அதில் உங்கள் பாட்டனாரின் பெயர் எல்லையாக இருக்கும். காணியின் பெயரும் அந்தப் பெயரும் கையில் இருந்தால் பதிவேட்டில் தேடுவதற்கு ஒரு நூல் நுனி கிடைத்த மாதிரி. பழைய சீதன உறுதிகள், வங்கியில் ஈடு வைத்த பத்திரங்கள், வெளிநாட்டில் இருக்கும் சகோதரியின் பெட்டி என்று எல்லாவற்றையும் கேட்டுப் பாருங்கள்.

எல்லை பார்க்கும்போது மூன்று விடயம். ஒன்று அளவு: 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச். உறுதியில் உள்ள பரப்பும் நிலத்தில் உள்ள பரப்பும் அநேகமாக ஒத்துப்போகாது. கதியால் வேலி முப்பது வருடம் பார்க்க ஆளில்லாமல் இருந்தால் நகரும். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளப்பித்துக் கல் நடுங்கள். இரண்டாவது, கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும். உங்கள் வளவுக் கிணற்றில் இன்னொருவருக்குப் பங்கு எழுதியிருந்தால் அதைச் சுற்றி மதில் கட்ட முடியாது. மூன்றாவது, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை. திருமணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பங்காளருக்கு முன்கொள்வனவு உரிமை உண்டு. திருத்தச் செலவழித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் வழக்குக்குப் போகிறார்கள்.

வீட்டில் வேறு ஒரு குடும்பம் இருக்கிறது.

அவர்களும் எங்கேயோ இடம்பெயர்ந்தவர்களாக இருக்கலாம். கதவை மாற்றிப் பூட்டுப் போடுவது, கிணற்றை மறிப்பது எல்லாம் உங்களுக்கே எதிராகத் திரும்பும். உறுதிப் பிரதிகளை வைத்துக்கொண்டு அவர்களோடு முதலில் பேசுங்கள், அடுத்து இணக்க சபை, அதற்குப் பிறகுதான் நீதிமன்றம். வருடக் கணக்காக யாரும் கேள்வி கேட்காமல் ஒருவர் ஆண்டு அனுபவித்தால் அவருக்கு ஆட்சியுரிமை கோர வழி பிறக்கும். ஆகவே பேசுகிறோம் என்று தவணை தவணையாகத் தள்ளாமல் ஒரு சட்டத்தரணியிடம் காலக் கணக்கைக் கேட்டு வைத்திருங்கள்.

கிணற்றை எப்படித் திரும்பப் பாவனைக்குக் கொண்டுவருவது?

அவசரப்படக் கூடாத வேலை இது. முதலில் வெடிபொருள் சோதனை. துவக்கு, ரவை, கைக்குண்டு எல்லாம் போர்க்காலத்தில் கிணற்றுக்குள்தான் போயின. அடுத்து, மோட்டரை மேலே வையுங்கள். பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கினால் அதன் புகை அடியில் தங்கி, இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இறங்குபவரும் திரும்பி வரமாட்டார். எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பது ஒட்சிசன் குறைவைக் காட்டும், புகை நஞ்சைக் காட்டாது. இறங்குபவரின் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர், இது கட்டாயம்.

இறைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. யாழ்ப்பாணத்தின் நன்னீர் சுண்ணாம்புக்கல்லுக்குள், உவர்நீருக்கு மேல் ஒரு ஏடு மாதிரி மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இதனால்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே மறுபக்கம் பாருங்கள்: மேல்மட்டம் ஒரு அடி குறைந்தபடியே கிடந்தால் உவர் 40 அடி ஏறிவரும். கடலோரக் கிராமங்களில் பெரிய மோட்டர் வைத்து ஒரே நாளில் அடிகாண இறைத்தால் கிணறு உவர்த்துப் போகும். திரும்ப நல்ல தண்ணீராக ஒரு மாரி போதாமலும் இருக்கும். காலையும் மாலையுமாக, மூன்று நாலு நாள் எடுத்து இறையுங்கள்.

சேறும் குப்பையும் அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகு குளோரின். அளவு இப்படி: கிணற்றின் ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, அதை 3.14 ஆலும் தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்குங்கள். 2.5 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 10 கன மீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்ற கணக்கில் கன மீற்றருக்கு 65 வீதம் குளோரின் உள்ள தூளில் 77 கிராம், 30 வீதப் பிளீச்சிங் தூளில் 167 கிராம். நம் கிணற்றுக்கு முதலாவதில் 770 கிராம், இரண்டாவதில் 1.7 கிலோ. திறந்து பல மாதமான பிளீச்சிங் தூளின் வலு குறைந்திருக்கும், புதியதை வாங்குங்கள். பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர் வைத்துத் தூளை அதற்குள் போட்டுக் கரையுங்கள். தூளின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்த பகுதியைக் கிணற்றுச் சுவரைச் சுற்றி ஊற்றி, வாளியால் அள்ளி அள்ளிக் கலக்கி, 12 மணித்தியாலம் விடுங்கள். பிறகு மணம் போகும்வரை இறைக்கலாம். அந்தத் தண்ணீரை வாழைக்கோ தோட்டத்துக்கோ விடாதீர்கள். ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்து நீர் மாதிரி கொடுத்துக் கிருமிப் பரிசோதனை செய்வியுங்கள். குளோரின் போட்ட மறுநாள் எடுத்த மாதிரி எப்போதும் நல்ல முடிவுதான் காட்டும்.

தண்ணீரில் ஒரு படலம் தெரிகிறது. எண்ணெயா?

சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு இந்தப் பயம் நியாயமானது. ஈர்க்கு ஒன்றால் படலத்தைக் கீறிப் பாருங்கள். கண்ணாடித் துண்டு மாதிரி உடைந்து உடைந்தபடி நின்றால் பெரும்பாலும் இரும்புப் பக்றீரியா, ஆபத்தில்லை. கீறிய இடம் உடனே சுழன்று மூடிக்கொண்டு, மண்ணெண்ணெய் மணமும் வந்தால் எண்ணெய். குளோரின் போட்டோ கொதிக்க வைத்தோ அதைப் போக்க முடியாது. ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை சமையலுக்கும் எடுக்க வேண்டாம்.

நைத்திரேற்றும் இப்படித்தான், கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. தோட்டப் பசளையாலும் மலக்குழியாலும் வருகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகிப் போக, நைத்திரேற்றின் செறிவு இன்னும் கூடும்.

மலசலகூடக் குழி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?

கிணற்றில் இருந்து குறைந்தது 50 அடி என்பார்கள். ஆனால் அது மண் வடிகட்டும் இடத்துக்குச் சொன்ன கணக்கு. சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பு வழியாகத் தண்ணீர் வடிகட்டப்படாமலே ஓடும், அதனால் 50 அடியும் உத்தரவாதம் இல்லை. அடியும் பக்கமும் கொங்கிறீற்றால் அடைத்த தாங்கியைக் கட்டி, அதில் இருந்து வழிவதை வாழைப் பாத்தி போன்ற ஆழமில்லாத மண் படுக்கைக்கு விடுங்கள். அடி திறந்த குழி வேண்டாம். அடுத்த வளவுக் கிணற்றுக்கான தூரத்தையும் சேர்த்து அளவுங்கள்.

பழைய கல் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது லாபம் என்கிறார்களே?

மேசன்மார் அப்படித்தான் சொல்வார்கள், அவர்களுக்குக் கைவந்த வேலை புளொக் கல்லும் சீமெந்தும். எங்கள் அபிப்பிராயம் வேறு. சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு ஒன்றரை அடிவரை கனமாகக் கட்டிய சுவர், முப்பது மாரி கூரையில்லாமல் நனைந்தும் நிமிர்ந்து நின்றால், அதில் பாதிக்கு மேல் இன்னும் பாவிக்கலாம். இடித்த கல்லை ஏற்றிக் கொட்டும் செலவையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதலில் சோதனை. மூன்று அங்குல ஆணி ஒன்றும் சின்னச் சுத்தியலும் போதும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தில் ஆணியைக் கையால் தள்ளுங்கள். அரை அங்குலம் போய் நின்றால் சாந்து உயிரோடு இருக்கிறது. முழு ஆணியும் வெண்ணெய்க்குள் போவது மாதிரிப் போனால், பின்னால் மணல்தான் இருக்கிறது. இதைச் சுவரின் உச்சியிலும், இடுப்பு உயரத்திலும், தரையில் இருந்து ஒரு சாணிலும் செய்யுங்கள். கூரை போன வீடுகளில் கெட்டது அநேகமாக உச்சியில் இரண்டு மூன்று வரிசைதான். மழை மேலிருந்து சாந்தைக் கழுவியிருக்கும். அவற்றைக் கழற்றி, அதே கல்லைத் திரும்ப வைத்துக் கட்டினால் கூரை ஏற்றலாம். இடுப்பு உயரத்திலும் ஆணி உள்ளே போனால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள்.

பிறகு தூக்குக் குண்டு. சுவர்க் கனத்தில் ஆறில் ஒன்றுக்கு மேல் சாய்ந்திருந்தால், அதாவது 18 அங்குலச் சுவர் 3 அங்குலத்துக்கு மேல் போயிருந்தால், பொறியியலாளர் பார்க்காமல் கூரைப் பாரம் ஏற்றாதீர்கள். வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு கீறித் திகதி எழுதுங்கள். குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டி வையுங்கள். ஒரு மாரி தாண்டியும் கண்ணாடி உடையாவிட்டால் அது பழைய வெடிப்பு, செல் அதிர்ச்சியில் வந்தது, அடைக்கலாம். உடைந்தால் அத்திவாரம் இன்னும் அசைகிறது.

சுவருக்குள் ஆலும் அரசும் முளைத்திருக்கின்றன. பிடுங்கலாமா?

பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும். வேர்தான் இப்போது அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மரத்தைத் தண்டோடு வெட்டி, புது வெட்டில் துளையிட்டுக் களைகொல்லி பூசி, வேரைச் சாகவிடுங்கள். துளிர்க்கத் துளிர்க்கத் திரும்பச் செய்ய வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு வேரைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்து, அந்த இடைவெளியை அன்றன்றே சல்லியும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு நிரப்புங்கள். இடிபாடு அள்ளும்போது வெறுங்கை வேண்டாம். சுருட்டை விரியன் கல்லுக்குள்தான் கிடக்கும்.

கொங்கிறீற் தட்டில் செல் விழுந்த ஓட்டை இருக்கிறது. அடைத்தால் போதுமா?

ஓட்டையை விட அதைச் சுற்றியுள்ளதுதான் சிக்கல். கீழே நின்று சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். "டங்" என்று கேட்கும் இடம் நல்லது. உள்ளே வெறுமையான மாதிரிச் சத்தம் கேட்கும் இடத்தில் கம்பி துருப்பிடித்து ஊதி, கொங்கிறீற்றைக் கழற்றியிருக்கிறது. இரண்டடி ஓட்டைக்கு ஆறடி கெட்டிருப்பது சாதாரணம். தீப்பிடித்த அறை என்றால் நிறத்தையும் பாருங்கள். சில வகைக் கற்களில் இளஞ்சிவப்புப் பட்டிருந்தால் கொங்கிறீற் 300 பாகைக்கு மேல் சூடேறி வலு இழந்திருக்கிறது.

ஒரு சாண் அளவு ஓட்டை, கம்பி அறுபடவில்லை என்றால் இப்படிச் செய்யலாம். முதலில் கீழே முட்டுக் கொடுங்கள். தட்டிக் கேட்டுக்கொண்டே நல்ல கொங்கிறீற் வரும்வரை வெட்டி, ஓரத்தைச் சதுரமாக்குங்கள். கம்பியை வெள்ளி தெரியும்வரை தேயுங்கள். மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டுங்கள். மேற்பொருத்து, அதாவது இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று சேர்ந்து போகும் நீளம், கம்பி விட்டத்தின் 50 மடங்கு, 12 மில்லிமீற்றர்க் கம்பி என்றால் 2 அடி. இங்கேதான் எல்லோரும் ஆறு அங்குலம் வைத்து ஏமாற்றுவது. ஓரத்தை முதல்நாள் நனைத்து, 1:2:4 கலவை போடுங்கள். 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 25 லீற்றருக்கு மேல் வேண்டாம். கம்பிக்குக் கீழே ஒரு அங்குலம் மூடுகனம், கடலோரம் என்றால் ஒன்றரை. ஏழு நாள் ஈரச்சாக்கு.

ஓட்டை அதைவிடப் பெரிது, அல்லது கம்பி அறுந்திருக்கிறது, அல்லது அடி ஒரு பீமிலோ தூணிலோ பட்டிருக்கிறது என்றால் இந்தப் பதிலைப் பார்த்து வேலை செய்யாதீர்கள், பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். கடல் மணல் கலந்து போட்ட பழைய தட்டாக இருந்தால் உப்பு உள்ளேயே இருக்கிறது, ஒரு இடத்தை அடைத்தால் பக்கத்து இடம் துருப்பிடிக்கும். அப்படிப்பட்ட தட்டை இறக்கிவிட்டு ஓட்டுக் கூரை போடுவதே மலிவு.

கூரைக்குப் பனைமரம் கிடைக்குமா?

பங்கருக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்ட பனைகளுக்குக் கணக்கில்லை, அதனால் முற்றிய மரம் இப்போது அருமை. நிற்கும் பனையைத் தறிக்க அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அதற்கு முதல் உங்கள் வீட்டிலேயே மிஞ்சியிருக்கும் கூரை மரங்களை, தீராந்தியையும் வளையையும் சிலாகையையும் பாருங்கள். வைரம் பாய்ந்த பனை கருத்துப்போய்ப் பார்வைக்கு மோசமாக இருந்தாலும் உள்ளே கல் மாதிரி இருக்கும். கெடுவது சுவருக்குள் புதைந்த கடைசி ஒரு அடி. அந்த இடத்தில் ஊசியால் குத்திப் பாருங்கள். நுனி மட்டும் உக்கியிருந்தால் அதை அறுத்துவிட்டு, இருபக்கமும் பலகை வைத்து ஆணியச்சுப் போட்டு நீளம் கூட்டலாம். ஓடாவி (மரவேலைக்காரர்) ஒருவர் இதை அரை நாளில் முடிப்பார். திரும்ப வைக்கும்போது நுனியைச் சுற்றிச் சீமெந்து அடைக்காதீர்கள். ஒரு விரல் இடைவெளி விட்டால் காற்றுப்பட்டு மரம் காயும்.

புதுச் சிலாகை வாங்கினால் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுச்சோறு, அதாவது வைரம் பாயாத மெதுவான நடுப்பகுதி, முழுக்கச் செதுக்கி எடுத்திருக்க வேண்டும், வெளிறிய பகுதி இருந்தால் கறையான் அதற்குள்தான் வரும்.

பழைய கூரை ஓடுகளை விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். வளை சுவரில் சும்மா இருந்தால் போதாது. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்த ஊர் இது. சுவருக்குள் இரண்டடி ஆழம் இறங்கும் கம்பியால் வளையைக் கட்டுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் தகடு மலிவாக இருக்கிறதே?

புதிதாகப் போட வேண்டாம். ஏற்கெனவே உள்ளதைக் கழற்றும்போது நனைத்து, ஆணியச்சைக் கழற்றி, முழுத் தகடாக இறக்குங்கள். அறுக்காதீர்கள், எறியாதீர்கள். உடைந்த துண்டை இடித்து நிலத்துக்குச் சல்லியாகப் போடுவது இங்கே ஒரு வழக்கம். அந்தத் தூசு சுவாசப்பைக்குப் போனால் திரும்பி வராது.

பூச்சுக்குச் சீமெந்தா சுண்ணாம்பா?

சுண்ணாம்பால் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்பு. கல்லுக்குள் முப்பது வருட ஈரமும் உப்பும் இருக்கின்றன, அவை வெளியே வந்தே தீரும். சீமெந்துப் பூச்சு வழியை அடைத்துவிடும். இரண்டாம் வருடம் உவர் பூத்து, பூச்சு தட்டுத் தட்டாகக் கழலும், கழலும்போது கல்லின் முகத்தையும் கொண்டுபோகும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய மணல். அவசரம் என்றால் சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6. மணலைப் போத்தலில் தண்ணீருடன் குலுக்கி வைத்துப் பாருங்கள். மேலே படியும் களி மணல் உயரத்தில் பதினைந்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் கழுவ வேண்டும்.

நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போடாமல் கிட்டப் போகாதீர்கள். நீற்றியதைத் தண்ணீருக்குக் கீழே குறைந்தது மூன்று கிழமை வைத்திருங்கள். நீறாத கட்டி பூச்சில் போனால் பிறகு அம்மைக் கொப்புளம் மாதிரி வெடித்து விழும். ஒரு கை, அதாவது ஒரு தடவைப் பூச்சு, அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த கைக்கு ஒரு கிழமையாவது இடைவெளி விடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பித் திருத்துகிறோம். ஏமாறாமல் இருப்பது எப்படி?

வேலை முடிந்த படம் கேட்பதில் பயனில்லை. மூடுவதற்கு முந்திய படம் கேளுங்கள். அத்திவாரக் குழிக்குள் அளவு நாடா வைத்த படம், கொங்கிறீற் போட முதல் கம்பி மேற்பொருத்தில் நாடா வைத்த படம், பூச முதல் வயறிங் குழாய் போகும் வழி. ஒவ்வொரு கட்டக் காசையும் இந்தப் படங்களோடு கட்டிவிடுங்கள். கடைசிப் பத்து வீதத்தை ஒரு மாரி முடியும்வரை கொடுக்காமல் வைத்திருக்க முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வரைபட அனுமதியை மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ எடுக்காமல் தொடங்கும் மேசனை வைக்காதீர்கள். வீதிக்கோட்டுக்குள் கட்டியதை உடைக்கும்போது நட்டம் உங்களுக்குத்தான்.

மின்சாரம், மோட்டர் எல்லாம் போட்டாகிவிட்டது. கப்பியைக் கழற்றலாமா?

கழற்றாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தபோது தண்ணீருக்கு அலைந்தவர்கள், கிணற்றை மூடி மோட்டரை மட்டும் நம்பியவர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்த ஊர் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து, போத்தல் சுவரையே காற்றுக்கு மறைப்பாக்கிப் படித்தது. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டது. அதைத் திரும்பச் செய்யச் சொல்லவில்லை. மின்சாரம் இல்லாமலும் தண்ணீர் அள்ள, சமைக்க, ஒரு விளக்கு எரிய வீட்டில் வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய வயறிங்கில் ஒரு முழம்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். ஆனால் நிலத்தொடுப்புச் சரியில்லாவிட்டால் பழுதான மோட்டரின் உடம்பில் மின் நிற்க, தொடுகிற ஆள் மூலமாகத்தான் ட்ரிப் சுவிட்ச் விழும். கல் நிலத்தில் கம்பி இறங்காது, மேசைக் கத்தி அளவு இறக்கிவிட்டு மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். மண் ஆழமான இடத்தைத் தேடிப் போடச் சொல்லி, கருவியால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

துப்பாக்கிச் சன்னம் பட்ட அடையாளத்தைப் பூசி மறைக்காமல் விட விரும்புகிறோம். வீட்டுக்குக் கேடா?

விடலாம், தண்ணீர் தங்காதபடி விட வேண்டும். குழியின் கீழ் உதட்டை வெளிப்பக்கம் சரிவாகச் சீவி, உள்ளே தளர்ந்த கல்லைத் தட்டி எடுத்து, மெல்லிய சுண்ணாம்புச் சாந்தால் உட்பக்கத்தை மட்டும் மெழுகுங்கள். உலோகத் துண்டு உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள். துரு வழிந்து சுவர் முழுக்கக் கோடு விழும். வருடம் ஒருமுறை வெள்ளையடிக்கும்போது அதற்குள்ளும் ஒரு தூரிகை போக வேண்டும், இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும்.